பதினொன்று புள்ளி ஆறு

மீட்டரில் பதினொன்று புள்ளி ஒன்பது என்று சிவப்பு எண்கள் தெரிந்தன. பெரியவர் அதை நம்பவில்லை. விரல் நுனியால் கண்ணாடியை இரண்டு முறை சுண்டினார். எண் மாறவில்லை. வேனின் கூரையில் இருந்த சின்ன பல்பைப் போட்டு, வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மஞ்சள்தான். மீட்டர் சொன்னது சரி என்று தெரிந்ததும் அதன்மேல் அவருக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"மாமா, சுண்டினா கரண்டு ஊறுமா?" என்றாள் மருமகள்.

"ஊறாது. பொய் சொன்னா மாட்டிக்கும்."

"உங்ககிட்ட மாட்டாதது இந்த மலை ஒன்னுதான்."

பல்பை அணைத்தார். மூன்று நாளாக வெயில் இல்லை. கூரைமேல் கிடந்த சோலார் தகடு மேகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பழைய வேன் அது. அவர் லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு அவரும் மகனும் சேர்ந்து சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, தண்ணீர் டிரம், டிவி, கூரையில் ஒரு டிஷ் என்று அதை வீடாக்கியிருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆளரவம் இல்லாத ஏரிக்கரையாகப் பார்த்து நிறுத்திவிட்டு, பெரியவர் டிவியில் மல்யுத்தம் பார்ப்பார். கரண்டு கொடுத்து வாடகை கேட்கும் இடங்களில் வண்டியை நிறுத்தவே மாட்டார். "பிளக்கைக் காட்டிட்டு நம்ம மடியைத் தடவிப் பாப்பானுங்க" என்பார். அதற்காகவே மகன் படுக்கைக்கு அடியில் இரண்டு பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் அந்த மீட்டரும் பொருத்தினான். "பத்தரைக்குக் கீழ போச்சுன்னா பீப்னு கத்திட்டு அதுவே நின்னுரும்பா. அதுகூட சண்டை போடாதீங்க" என்றும் சொல்லி வைத்தான்.

அந்த மகன் இப்போது கூப்பிடு தூரத்தில் மலைக்குள் கிடந்தான்.

தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தபோது நடுவில் மண் சரிந்து, அங்கே வேலை பார்த்த மகனோடு சேர்த்து ஒன்பது பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இன்றோடு ஆறு நாள். சேதி வந்த அன்றே பெரியவர் மருமகளை ஏற்றிக்கொண்டு வேனோடு வந்துவிட்டார். சுரங்க வாயிலுக்கு முந்நூறு அடி முன்னால் தகரத் தடுப்பு. அதற்கு வெளியே சரளைக்கல் மைதானம், ஒன்பது குடும்பங்களுக்கும் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. கரண்டு கிடையாது. போனில் சிக்னல் கிடையாது. மணிக்கொரு தரம் ஒலிபெருக்கியில் ஒருத்தர் "பணிகள் திருப்திகரமாக நடைபெறுகின்றன" என்று வாசிப்பார். முதல் நாளும் அதைத்தான் வாசித்தார், இரண்டாவது நாளும் அதைத்தான் வாசித்தார். இரண்டாவது நாள் பெரியவர் தடுப்பைத் தாண்டிப் போய், வெள்ளை ஹெல்மெட் போட்ட தலைமை எஞ்சினியரின் சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து பிய்த்துவிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவரைக் கண்டால் காவலாளி கேட்டில் சங்கிலியை எடுத்துப் போடுவான்.

மறுநாள் அந்த எஞ்சினியரே தடுப்போரம் வந்து நின்றார். "எங்க கேபின்லயும் நாள் பூரா இங்க வந்திருக்கிற நியூஸ் சானல்தான் ஓடுது, பெரியவரே. நீங்க என் சட்டையைப் பிடிச்சதை என் பொண்டாட்டி வரைக்கும் பாத்தாச்சு" என்றார். திட்டவில்லை. அதுவே பெரியவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சானல்காரர்களின் வண்டி மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றது. அவர்களையும் அவர் நம்பவில்லை. அழுகிற முகமாகத் தேடிப் பிடித்து மைக்கை நீட்டுகிற கூட்டம் என்பது அவர் கணிப்பு. ஆனால் டிவியில் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவர் நம்பினார்.

மூன்றாவது நாள் மண் சரிவுக்குள் ஒரு சின்னக் குழாயைச் சொருகினார்கள். அது போய்ச் சேருகிற இடத்தில் வளைந்து அடைத்துக்கொண்டது. காற்று கொஞ்சம் கசிந்து போகும், குரல் போகாது. உள்ளே இருந்தவர்கள் குழாயைத் தட்டினார்கள். முதலில் ஒன்பது தட்டு. ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கொட்டகையே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதது. அதற்குப் பிறகு ஒரே மாதிரிதான்: டக்டக், டக்டக், டக்டக். இரண்டிரண்டாக. குழாயில் ஒரு மைக் ஒட்டி, அந்தச் சத்தத்தைச் சுரங்கம் குடையும் கம்பெனியே உள்ளே இருந்த தன் கேமரா வழியாக சானலுக்குக் கொடுத்தது. முந்நூறு அடி தள்ளி நடப்பது வானத்துக்குப் போய் இறங்கி வேனுக்குள் வந்து கேட்டது.

முதல் முறை அதைக் கேட்டபோதே பெரியவர், "இது நம்ம பையன் கை" என்றார்.

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒன்பது பேர் இருக்காங்க மாமா."

"இருக்கட்டும். கை அவனுது."

லாரியில் பத்து வருஷம் அவன்தான் அவருக்குக் கிளீனர். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இறங்கி நின்று தகரத்தில் தட்டுவான். இரண்டு தட்டினால் வா, வரலாம். ஒன்று தட்டினால் நிறுத்து. ஊரில் உள்ள கிளீனர்கள் எல்லாம் அப்படித்தான் தட்டுவார்கள். ஆனால் இவன் நிறுத்தச் சொல்லித் தட்டுவதில் ஒரு தினுசு உண்டு. உள்ளங்கையை விரித்து ஓங்கி ஒன்று. மூன்று மூச்சு பொறுப்பான். வண்டி நிற்காவிட்டால் மறுபடியும் ஒன்று. நிற்கிறவரைக்கும் விடமாட்டான், வாயைத் திறந்து கத்தவும் மாட்டான். கண்ணாடியைக்கூட நம்பாத பெரியவர் அந்தக் கையை நம்பி வண்டி எடுத்தார். ஒரே ஒரு நாள்தான் நம்பவில்லை. ஒரு கிடங்கின் பின்பக்கம். இடம் இருக்கிறது என்று அவர் மனசு சொன்னது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று அவன் தட்டத் தட்ட இன்னும் ஓர் அடி போனார். பின் சக்கரம் கால்வாயின் மூடியை உடைத்துக்கொண்டு இறங்கியது. மூடிமேல் நின்றிருந்தவன் குதித்ததால் பிழைத்தான். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாவது நாள், "இனிமே ஒன்னு தட்டினா நிக்கணும்பா. ஏன்னு கேக்கக் கூடாது" என்றான். சரி என்றார். மனதார அவர் சரி என்று சொன்னது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மூன்று பத்துக்குத் தடுப்புக்கு மேலே சிவப்புக் கொடி ஏறியது.

கொடி ஏறினால் அமைதி. நாற்பது நிமிஷம் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது, ஜெனரேட்டர் ஓடக் கூடாது, கதவைக்கூட அறைந்து சாத்தக் கூடாது. ஆள் நுழைகிற அளவு பெரிய குழாயை மண்ணுக்குள் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, உள்ளே என்ன கேட்கிறது என்று பார்ப்பார்கள். கொடி இறங்கினால் இயந்திரம் திரும்பவும் தள்ளும். "இன்னும் நாலடிதான்" என்று ஒலிபெருக்கி சொல்லியிருந்தது. கொட்டகையில் சில பேர் மாற்றுத்துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டார்கள்.

பெரியவர் இன்வெர்ட்டரைப் போட்டார். டிவி உயிர் பெற்றது. மீட்டர் பதினொன்று புள்ளி ஆறுக்கு இறங்கியது.

திரையில் குழாய் வாய், மண், இரண்டு ஹெல்மெட். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

டக்.

மருமகள் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

டக்.

பெரியவரின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"உள்ளிருப்பவர்கள் களைத்துவிட்டதாகத் தெரிகிறது" என்றது டிவிக் குரல். "தட்டும் ஓசை குறைந்திருப்பதால், பணியை மேலும் விரைவுபடுத்த முடிவு செய்திருப்பதாக அதிகாரிகள் தெரிவிக்கிறார்கள்."

டக்.

"களைப்பில்ல" என்றார் பெரியவர். "எண்ணிப் பாரு. மூணு மூச்சு விட்டு ஒன்னு."

மருமகள் எண்ணினாள். மூன்றாவது மூச்சு முடிந்ததும், டக். கால்வாய்க் கதையைக் கல்யாணமான புதிதில் புருஷன் அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான்.

"நிறுத்தச் சொல்றாரா மாமா?"

"பெரிய குழா வர்ற வழியில என்னமோ இருக்கு. பாறை உக்காந்திருக்கும். தள்ளினா அவனுங்க தலையில இறங்கும்."

மணி மூன்று இருபது. கொடி இறங்க அரை மணி.

கேட்டுக்கு ஓடினார். அறுபத்தாறு வயதில் சரளைக்கல்லில் ஓடுவது ஓட்டம் இல்லை, தள்ளாட்டம். காவலாளி இவரைப் பார்த்ததும் சங்கிலியை எடுத்தான்.

"எஞ்சினியரைக் கூப்பிடு. குழாயைத் தள்ளக் கூடாது."

"மெதுவா பேசுங்க. கொடி ஏறியிருக்கு."

"ஒத்தையா தட்டுறான்யா. நிறுத்துன்னு அர்த்தம்."

"முந்தாநாள் ஒரு அம்மா, கனவுல வந்து சொன்னாங்கன்னு வந்துச்சு. எல்லாரையும் உள்ள விட்டா வேலை நடக்குமா?" காவலாளி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். "எழுதிக் குடுங்க. கொடி இறங்கினதும் ஆள் வரும், குடுத்து அனுப்பறேன்."

"கொடி இறங்கினா மெஷின் ஓடும்யா."

"நீங்க அன்னைக்கு அவரு சட்டையைப் பிடிக்காம இருந்திருந்தா, நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

காகிதத்தைக் கையில் கசக்கிக்கொண்டு திரும்பினார். கொட்டகையில் இருந்தவர்களிடம் சொல்லலாமா என்று பார்த்தார். துணி மடித்து வைத்தவர்களிடம் போய் மெஷினை நிறுத்துங்கள் என்று கத்தினால், இவரைத்தான் முதலில் அடக்குவார்கள்.

கேபினில் நாள் பூராவும் அந்த சானல்தான் ஓடுகிறது என்று எஞ்சினியர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

சானல் வண்டியின் படியில் கேமராக்காரனும் செய்தி சொல்கிற பெண்ணும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில்தான் கேமராக்காரன் வேனுக்கு வந்து, "ஐயா, அமைதி நேரத்துல ஜெனரேட்டர் போட முடியல. எங்க பேட்டரியும் செத்துப்போச்சு. உங்க இன்வெர்ட்டர்ல ஒரு ஒயர் போட்டுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். பெரியவர், "எங்களுதும் செத்துப்போச்சு" என்றார். அவருக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், சரிங்கய்யா என்று போய்விட்டான்.

இப்போது அவன் எதிரில் போய் நின்றார்.

"எங்கிட்ட பேட்டரி இருக்கு" என்றார்.

"தெரியுங்கய்யா. காலையில அதோட பிணத்தைப் பாத்தேன்."

"கேலியை அப்புறம் வெச்சுக்க. உன் சாமானெல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும்?"

"முந்நூறு வாட்ஸ். எதுக்கு?"

சொன்னார். இரண்டு தட்டு, ஒரு தட்டு, மூன்று மூச்சு, கால்வாய் மூடி. கேமராக்காரன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் பெரியவரைப் பார்த்தாள்.

"தப்பா இருந்தா?" என்றாள். "நீங்க சொல்லி வேலையை நிறுத்தி, அதனால உள்ள காத்து தீர்ந்துபோச்சுன்னா?"

நல்ல கேள்வி. எதிராளியிடம் அவரே கேட்கக்கூடிய கேள்வி.

"என் மகன்மா உள்ள" என்றார் பெரியவர். "பத்து வருஷம் அந்தக் கையை நம்பி ஓட்டினேன். ஒரு நாள் நம்பல. எனக்கு வேற ஒன்னும் தெரியாது."

அவள் எழுந்தாள். "ஒயரை எடுங்க" என்றாள் கேமராக்காரனிடம்.

மூன்று முப்பத்தொன்று. சத்தம் போடாமல், பெட்டிகளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து வேன் படியில் வைத்தார்கள். சின்ன டிஷ்ஷைக் கூரையில் ஏற்றித் திருப்பினான் கேமராக்காரன். ஒயரை இன்வெர்ட்டரில் சொருகியதும் மீட்டர் பத்து புள்ளி எட்டுக்கு விழுந்தது.

"டிவியை அணைம்மா" என்றார் பெரியவர்.

மருமகளின் விரல் சுவிட்சின் மேல் நின்றது. திரையில் அந்தக் குழாய் வாய். டக். அவள் புருஷன் இருக்கிறான் என்பதற்கு ஆறு நாளில் அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி. இன்னொரு தட்டு கேட்கட்டும் என்று பொறுத்தாள். டக். அணைத்தாள்.

பத்து புள்ளி ஒன்பது. "ஸ்டுடியோவுல நம்மள நேரலையில எடுக்கணும். ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்" என்றாள் செய்திக்காரப் பெண், காதில் ஒயரை அழுத்திக்கொண்டு. பத்து புள்ளி எட்டு. பத்து புள்ளி ஏழு.

மீட்டரை இப்போது அவர் சுண்டிப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டைத் தூக்கினார். அங்கே வண்டி கிளப்பும் பேட்டரி, யாரும் கைவைக்காமல், பழசென்றாலும் முழுசாக. ஊருக்குத் திரும்பிப் போக என்று இத்தனை நாளும் அதைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். மருமகளுக்குக்கூடச் சொல்லவில்லை. விளக்கு எரிக்கக் கரண்டு இல்லை என்று அவள் மெழுகுவர்த்தி வாங்கி வந்தபோதும் சொல்லவில்லை.

"இது வேற இருக்கா?" என்றாள் அவள்.

"திட்டணும்னா நாளைக்குத் திட்டு."

ஜம்பர் ஒயரை எடுத்து பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் கடித்துப் பிடிக்க வைத்தார். பொறி ஒன்று பறந்தது. மீட்டர் பதினொன்று புள்ளி மூன்றுக்கு ஏறியது. இனி இந்த வண்டி தானாகக் கிளம்பாது.

மூன்று முப்பத்தொன்பதுக்கு அந்தப் பெண் விரலை உயர்த்தினாள். கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது; மீட்டர் மறுபடியும் பத்து புள்ளி ஏழுக்குச் சரிந்தது.

"உள்ளே இருக்கும் ஒருவரின் அப்பா இவர். அதிகாரிகளுக்கு ஓர் அவசரமான விஷயம் சொல்கிறார்" என்று மெல்லிய குரலில் சொல்லி, மைக்கை நீட்டினாள்.

பெரியவர் தொடங்கியது கோபத்தில்தான். "யோவ், ஆறு நாளா திருப்திகரம் திருப்திகரம்னு..."

மருமகள் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். "அதை விடுங்க மாமா. சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

மூச்சை இழுத்துக்கொண்டார். "எஞ்சினியரய்யா. உங்க சட்டையைப் பிடிச்சவன் பேசறேன். குழாயைத் தட்டுறது என் மகன். லாரியில எனக்கு ரிவர்ஸ் பாத்தவன்." வேன் தகரத்தில் தட்டிக் காட்டக் கை ஓங்கினார், கொடி ஞாபகம் வந்து கையை இறக்கித் தன் தொடையில் தட்டினார். "இப்படி ரெண்டு தட்டினா, வா. இப்படி ஒன்னு தட்டி மூணு மூச்சு பொறுத்தா, நிறுத்து. இத்தனை நாளா ரெண்டு தட்டினான். இன்னைக்கு ஒன்னுதான் தட்டுறான். களைப்புன்னா தட்டு தள்ளித் தள்ளி விழும். இது கணக்கா விழுது. எண்ணிப் பாருங்க. என்னை நம்ப வேணாம். அவனை..."

பீப் என்றது இன்வெர்ட்டர். மூன்று முறை கத்திவிட்டு நின்றது. கேமராவின் சிவப்புப் புள்ளி அணைந்தது.

"போச்சா, போகலையா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆரம்பிச்சது போயிருக்கணும்" என்றாள் அந்தப் பெண். அவள் காதில் இருந்த ஒயரும் செத்திருந்தது. "எதுவரைக்கும்னு தெரியல."

டிவி போட முடியாது. சத்தம் கேட்க வழியில்லை. பார்க்க மிச்சம் இருந்தது அந்தக் கொடி மட்டும்தான். நாலு பேரும் வேன் படியருகே நின்று அதையே பார்த்தார்கள். கேமராக்காரன் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது.

ஐம்பதுக்கு ஓர் ஆள் கொடிக்கம்பத்தடிக்கு வந்தான். கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். மருமகள் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் அவள் அவர் கையைத் தொட்டதில்லை. கொடி ஒரு முழம் இறங்கியது.

அந்த ஆள் திரும்பி உள்ளே பார்த்தான். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். பிறகு கொடியை மேலே இழுத்துக் கட்டினான்.

கேட்டில் சங்கிலி விழும் சத்தம் கேட்டது. வெள்ளை ஹெல்மெட் எஞ்சினியர் வேகமாக வந்தார். முகத்தில் மண்ணும் தூக்கமின்மையும்.

"எண்ணினோம்" என்றார். "மூணு மூச்சுதான். ஆனா எனக்கு இது போதாது, பெரியவரே. நிறுத்தி வெச்சா அரை நாள் போகும். உள்ள காத்து குறையுது. தட்டுறது உங்க பையன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வாங்க, கேட்டுருவோம்."

சுரங்கத்துக்குள் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. சின்னக் குழாயின் முனை இடுப்பளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. டக் என்றது அது. நேரில் கேட்டபோது டிவியில் கேட்டதைவிட மெலிந்திருந்தது. பெரியவர் ஒரு ஸ்பானரை வாங்கி, குழாயில் ஓங்கி ஒன்று தட்டினார். நின்னுட்டேன் என்று பதில்.

உள்ளே தட்டு நின்றது.

மூன்று மூச்சு. ஆறு. பத்து. எஞ்சினியர் இவரைப் பார்த்தார். இவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்டக்.

"என்ன சொல்றான்?"

"'வா'ன்னு சொல்றான். இடிக்கப் போற வண்டியைத் தன் பக்கமா வான்னு கூப்பிட மாட்டான். ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி குழாயைப் பின்னால எடுக்கச் சொல்றான். மெதுவா உருவுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

எஞ்சினியர் சின்னக் குழாயில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு இயந்திரக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எஞ்சின் முனகியது. ஒரு சாண் உருவினார்கள், நிறுத்திக் கேட்டார்கள். டக்டக். இன்னொரு சாண். டக்டக். பெரிய குழாய் மண்ணை உரசிக்கொண்டு பின்னால் வந்தது. உள்ளே எங்கோ கல் ஒன்று உருண்டு அடங்கியது. டக்டக். பெரியவரின் கைகள், இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்த மாதிரி முன்னால் உயர்ந்திருந்தன. அவருக்கு அது தெரியாது.

ஏழாவது சாணில், டக்.

"நிறுத்து" என்றார்.

இயந்திரக்காரன் எஞ்சினியரைக் கேட்காமலேயே நிறுத்தினான்.

"போதுமா பெரியவரே?" என்றார் எஞ்சினியர்.

"என்னைக் கேக்காதீங்க" என்றார் பெரியவர். ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, குழாயோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "அவன் சொல்லுவான்."